ராக்கர் ரேஷியோ, கேம்ஷாஃப்ட் தேர்வு: இன்ஜின் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே இருப்பவை பெரும்பாலும் புஷ்ராடு இன்ஜினுக்கான பதில்கள். கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில், வால்வுகள் மேலே ஹெட்டில், இடையில் டேப்பெட் (கேம் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் துண்டு), புஷ்ராடு (அந்த அசைவை மேலே கொண்டுபோகும் தண்டு), ராக்கர் ஆர்ம் என்று போகும் அமைப்பு அது. கேம் மேலேயே இருக்கும் இன்ஜின்களைப் பற்றியும் பின்னால் கொஞ்சம் உண்டு.

ராக்கர் ரேஷியோ என்றால் என்ன?

ராக்கர் ஆர்ம் ஒரு நெம்புகோல். ஒரு முனையைப் புஷ்ராடு தூக்கும், மறுமுனை வால்வை அழுத்தும். சுழலும் புள்ளியிலிருந்து வால்வு முனை வரை உள்ள தூரத்தை, அதே புள்ளியிலிருந்து புஷ்ராடு உட்காரும் குழி வரை உள்ள தூரத்தால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 1.5 என்றால் புஷ்ராடு 1 மி.மீ. ஏறும்போது வால்வு 1.5 மி.மீ. இறங்கும்.

1955இல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினில் இது 1.5. ஃபோர்டின் விண்ட்சர் ஸ்மால் பிளாக்கில் 1.6, ஷெவர்லே பிக் பிளாக்கில் 1.7. பிறகு வந்த எல்எஸ்1 இன்ஜின் 1.7இல் தொடங்கியது. 2006 கார்வெட் இசட்06 காருக்கு வந்த எல்எஸ்7இல் 1.8 வைத்தார்கள். பழைய மினியின் ஏ-சீரிஸ் இன்ஜினிலோ 1.3க்கும் கீழே.

காலப்போக்கில் எண் ஏறியதற்குக் காரணம் உண்டு. கேம்ஷாஃப்ட்டை பிளாக்கின் பேரிங் துளைகள் வழியாகத்தான் நுழைக்க வேண்டும். அதனால் லோப்பின், அதாவது கேமில் புடைத்திருக்கும் மேட்டின், உயரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு வால்வை இன்னும் அதிகம் திறக்க வேண்டுமானால், பெருக்கும் வேலையை ராக்கரிடம்தான் கொடுக்க வேண்டும்.

1.5ஐக் கழற்றிவிட்டு 1.6 போட்டால் லிஃப்ட் எவ்வளவு கூடும்?

லோப் டேப்பெட்டைத் தூக்கும் உயரத்தை (லோப் லிஃப்ட்) ரேஷியோவால் பெருக்கினால் போதும், வால்வு திறக்கும் உயரம் (வால்வு லிஃப்ட்) வந்துவிடும். லோப் 7.5 மி.மீ. தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 ராக்கரில் வால்வு லிஃப்ட் 11.25 மி.மீ. 1.6 ராக்கரில் 12 மி.மீ. முக்கால் மில்லிமீட்டர், அதாவது சுமார் 6.7 சதவீதம் கூடுதல். சாலிட் டேப்பெட் (உள்ளே ஆயில் இல்லாத திடமான வகை) இன்ஜினாக இருந்தால் இரண்டிலும் டேப்பெட் கேப்பை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளியை, கழித்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் கூடினால் பவர் கூடியே தீருமா?

கட்டாயமில்லை. வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் காற்று நுழையும் வளைய இடைவெளியின் பரப்பு, வால்வு விட்டத்தையும் லிஃப்ட்டையும் பொறுத்தது. லிஃப்ட், விட்டத்தின் கால் பங்கை எட்டும்போது அந்த வளையப் பரப்பும் வால்வின் முழு வட்டப் பரப்பும் ஒன்றாகிவிடும். 46 மி.மீ. வால்வுக்கு இது 11.5 மி.மீ. லிஃப்ட்டில் வரும். அதற்கு மேலே காற்றைத் தடுப்பது வால்வு இடைவெளியைவிட, ஹெட்டுக்குள் இருக்கும் காற்றுப் பாதையான போர்ட்தான். ஹெட்டில் போர்ட்டிங் (போர்ட்டை அரைத்துத் திருத்துவது) செய்யாமல், ஃப்ளோ பெஞ்சில் (காற்றோட்டம் அளக்கும் கருவி) 11 மி.மீ.க்கு மேல் காற்றோட்டம் ஏறாத ஹெட்டுக்கு 12 மி.மீ. லிஃப்ட் கொடுத்தால் உச்சியில் பெரிய லாபம் இல்லை.

"பெரிய" என்று சொன்னதைக் கவனியுங்கள். சிறிய லாபம் வேறு வழியில் வருகிறது. ரேஷியோ கூடும்போது உச்சி மட்டும் உயர்வதில்லை, வால்வு அசைவின் முழு வளைகோடும் மேலே இழுபடுகிறது. 5 மி.மீ. திறந்திருக்க வேண்டிய கணத்தில் வால்வு 5.3 மி.மீ. திறந்திருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் இதே கதை. காற்று உள்ளே வரும் மொத்த வாய்ப்பு கூடுகிறது. கம்பெனி கேம் அடக்கமானதாகவும் ஹெட் நன்றாகக் காற்று விடுவதாகவும் இருக்கும் இன்ஜினில்தான் ராக்கர் மாற்றம் தெளிவாகத் தெரியும். ஏற்கெனவே பெரிய கேம் ஏறிய இன்ஜினில் அதே மாற்றம் டைனோ (பவர் அளக்கும் கருவி) தாளில் தேடிப் பார்க்கும் அளவுக்கே இருக்கலாம்.

ராக்கர் மாற்றினால் டியூரேஷனும் மாறுமா?

டியூரேஷன் என்பது வால்வு திறந்திருக்கும் காலம், கிராங்க் சுற்றும் டிகிரியில் சொல்வது. டேப்பெட்டில் அளக்கும் டியூரேஷன் மாறாது, அது லோப்பில் வெட்டப்பட்டது. வால்வில் அளந்தால் சில டிகிரி கூடும். வால்வு 1 மி.மீ. திறப்பதற்கு 1.5 ராக்கரில் லோப் 0.67 மி.மீ. தூக்க வேண்டும், 1.6இல் 0.63 போதும். அந்த உயரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே எட்டிவிடும், மூடும்போது கொஞ்சம் தாமதமாகக் கடக்கும்.

சாலிட் டேப்பெட் கேமில் இதே விஷயம் கேப்பிலும் ஒளிந்திருக்கிறது. வால்வுப் பக்கம் 0.50 மி.மீ. கேப் வைத்தால் லோப் பக்கத்தில் அது 1.5க்கு 0.33 மி.மீ., 1.6க்கு 0.31 மி.மீ. கேப்பை மாற்றாமல் ராக்கரை மட்டும் மாற்றினால் வால்வு ஒரு துளி சீக்கிரம் திறந்து ஒரு துளி தாமதமாக மூடும். கேமோடு வரும் அளவுத் தாளான கேம் கார்டில் உள்ள கேப் எந்த ரேஷியோவுக்கு எழுதியது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கேமைத் தொடாமல் ராக்கரை மட்டும் மாற்றி வேலையை முடித்துவிடலாமா?

பலர் ஆசைப்படுவது இதற்குத்தான். வால்வு கவரைத் திறந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை, டைமிங் கவர் பக்கமே போக வேண்டாம். நல்ல வழிதான், எதிர்பார்ப்பு சரியாக இருந்தால். இன்ஜினின் குணத்தை ராக்கர் மாற்றாது. எந்த ஆர்பிஎம்மில் இழுவை வரும், எங்கே மூச்சு வாங்கும், ஐடிலில் எப்படி நிற்கும் என்பதெல்லாம் கேம் எழுதிவைத்த விதி. ராக்கர் அதே குணத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லும், அவ்வளவே.

மேல் ஆர்பிஎம்மில் பவர் போதவில்லை என்பது குறை என்றால் தேவை வேறு கேம். இருக்கிற கேமின் குணம் பிடித்திருக்கிறது, கொஞ்சம் கூட்டினால் நன்றாக இருக்கும் என்றால் ராக்கர்.

கேம் தேர்வில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது லிஃப்ட். நான் முதலில் தேடுவது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும் நேரம்.

பிஸ்டன் அடியைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். வேகமாகச் சுற்றும்போது இது நல்லது. போர்ட்டில் வேகம் பிடித்த காற்று, பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும் உள்ளே திணிந்துகொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அந்த வேகம் இல்லை. ஏறும் பிஸ்டன் உள்ளே வந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப இன்டேக் மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். கீழே பிக்கப் செத்துப்போவது இதனால்தான்.

கணக்கு எளிது. இன்டேக் டியூரேஷனில் பாதியோடு இன்டேக் சென்டர்லைனை (பிஸ்டன் உச்சியைத் தாண்டி எத்தனை டிகிரியில் இன்டேக் லோப்பின் உச்சி வருகிறது என்ற எண்) கூட்டி 180ஐக் கழித்தால், பிஸ்டன் அடியைத் தாண்டி எத்தனை டிகிரியில் வால்வு மூடுகிறது என்று தெரியும். டியூரேஷன் 260, சென்டர்லைன் 108 என்ற கேம் 58 டிகிரியில் மூடும். டியூரேஷன் 284, சென்டர்லைன் 110 என்றால் 72 டிகிரி.

14 டிகிரிதானே வித்தியாசம் என்று தோன்றும். 88 மி.மீ. ஸ்ட்ரோக், 145 மி.மீ. கனெக்டிங் ராடு, 10:1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினில் இதைப் போட்டுப் பாருங்கள். வால்வு மூடிய பிறகுதானே உண்மையில் அழுத்தம் தொடங்குகிறது? அந்தப் புள்ளியிலிருந்து கணக்கிட்டால் முதல் கேமில் கம்ப்ரஷன் சுமார் 8.4, இரண்டாவதில் சுமார் 7.5. காகிதத்தில் இரண்டும் ஒரே 10:1 இன்ஜின்கள்தான். பெரிய கேம் போட்ட பிறகு கீழே இழுவை போய்விட்டது என்று சொல்பவர்களில் பலருக்குக் கம்ப்ரஷனைக் கூட்டியிருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

ராக்கர் ரேஷியோவோ இந்த மூடும் நேரத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. அதன் அழகும் அதன் எல்லையும் இதுதான்.

இரண்டு கேம்களிலும் டியூரேஷன் 280 என்றே இருக்கிறது, ஆனால் ஓட்டினால் வேறு வேறாக இருக்கின்றனவே?

எங்கிருந்து அளந்தார்கள் என்பது வேறாக இருக்கும். விளம்பர டியூரேஷனை ஒருவர் டேப்பெட் 0.006 அங்குலம் ஏறியதிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் வேறு உயரத்திலிருந்து எண்ணுவார். ஒப்பிட வேண்டுமானால் 0.050 அங்குல டேப்பெட் லிஃப்ட்டில் உள்ள டியூரேஷனை எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி குறுகலாக இருந்தால் லோப்பின் சரிவு செங்குத்தானது, வால்வு சட்டென்று திறக்கும். அப்படிப்பட்ட கேமுக்கு மேல் ரேஷியோவையும் கூட்டினால் ஸ்பிரிங் பாடு திண்டாட்டம்தான்.

லோப் செபரேஷன், ஓவர்லாப் இரண்டுக்கும் என்ன தொடர்பு?

இன்டேக் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் உள்ள கோணம் லோப் செபரேஷன். இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் ஓவர்லாப். இரண்டு டியூரேஷன்களையும் கூட்டி நான்கால் வகுத்து, அதில் செபரேஷனைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். இரண்டும் 280 என்றால், 114 செபரேஷனில் ஓவர்லாப் 52 டிகிரி, 108இல் 64 டிகிரி.

ஓவர்லாப் கூடினால் நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக ஏறும். விலையாக ஐடில் தள்ளாடும், மேனிஃபோல்டு வேக்கம் குறையும். வேக்கத்தை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை, மிதி கனத்துப்போகும். அந்தக் குடுகுடு ஐடில் சத்தத்துக்காகவே கேம் வாங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை.

டர்போ இன்ஜினுக்கும் இதே கணக்கா?

இல்லை. டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தம் இன்டேக் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால் ஓவர்லாப் நேரத்தில் புகை பின்னோக்கி உள்ளே வரும். அதனால் பொதுவாக 112க்கு மேல் அகலமான செபரேஷன்.

கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்வது நல்லதா?

அட்வான்ஸ் என்றால் கேமைக் கிராங்க்கைவிட முன்னே திருப்பிப் பொருத்துவது. எல்லா வால்வு நேரங்களும் முன்னே நகரும், அதில் இன்டேக் மூடுவது முன்னே வருவதுதான் உணரக்கூடியது. கீழே இழுவை கூடும், மேலே கொஞ்சம் குறையும். ரிடார்டு செய்தால் எதிர்மாறு. பல கேம்களை அரைக்கும்போதே 4 டிகிரி அட்வான்ஸ் வைத்துவிடுவார்கள். கேம் கார்டைப் பார்க்காமல் டைமிங் வீலில் இன்னொரு 4 சேர்த்துவிடாதீர்கள்.

ரேஷியோ கூட்டினால் வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

முதல் கேள்வி, ஸ்பிரிங்கில் இடம் இருக்கிறதா என்பது. பொருத்திய உயரம் 45 மி.மீ., சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் உயரம் 32 மி.மீ. என்றால் 13 மி.மீ. பயணம் உண்டு. 11.25 மி.மீ. லிஃப்ட்டில் 1.75 மி.மீ. மிச்சம். 12 மி.மீ. லிஃப்ட்டில் மிச்சம் ஒரே மில்லிமீட்டர். பொதுவாக 1.5 மி.மீ. மிச்சம் வைக்கச் சொல்வார்கள், ஆக அந்த ஸ்பிரிங் போதாது. ஸ்பிரிங்கின் தலையைப் பிடித்திருக்கும் ரிடெய்னருக்கும், வால்வுத் தண்டு நகரும் குழலான வால்வு கைடின் சீலுக்கும் நடுவிலும் அதே அளவு இடைவெளி வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவதை.

அடுத்தது சுமை. சீட்டில் 500 நியூட்டன், மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் ஏறும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1.5 ராக்கரில் முழுத் திறப்பில் ஸ்பிரிங் விசை 1,062 நியூட்டன். அதைப் புஷ்ராடு பக்கம் 1.5ஆல் பெருக்கினால் 1,594. 1.6இல் ஸ்பிரிங் விசை 1,100, புஷ்ராடு பக்கம் 1,760. லிஃப்ட் கூடியது 6.7 சதவீதம், லோப்பின் தலையில் ஏறிய ஸ்பிரிங் சுமையோ 10 சதவீதம். மெல்லிய புஷ்ராடு வளைவதும், ராக்கரைத் தாங்க ஹெட்டில் அழுத்திப் பொருத்திய ஸ்டட் மேலே பிடுங்கிக்கொண்டு வருவதும் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

வால்வின் முடுக்கமும் ரேஷியோவோடு சேர்ந்தே ஏறுகிறது. அதே ஸ்பிரிங்கோடு ரேஷியோவை மட்டும் கூட்டினால் வால்வு ஃப்ளோட் (ஸ்பிரிங் வால்வைக் கேமின் அசைவோடு ஒட்டிவைக்க முடியாமல் போவது) கொஞ்சம் கீழ் ஆர்பிஎம்மிலேயே வரும். மேலே பவர் வேண்டும் என்று ராக்கர் போட்டவருக்கு மேலேதான் மிஸ்ஸிங் வரும். ஸ்பிரிங் பழையது என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பிஸ்டனில் வால்வு இடிக்குமா?

எல்லோரும் பயப்படுவது இதற்கு, ஆனால் ரேஷியோ மாற்றத்தில் ஆபத்து நினைப்பதைவிடக் குறைவு. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது பிஸ்டன் வெகு கீழே இருக்கும். இரண்டும் நெருங்குவது பிஸ்டன் உச்சியைச் சுற்றிய சில டிகிரிகளில். இன்டேக் வால்வுக்கு உச்சியைத் தாண்டிச் சுமார் 10 டிகிரியில், எக்ஸாஸ்ட் வால்வுக்கு உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்னால். அந்த நேரத்தில் வால்வு 3 மி.மீ. திறந்திருந்தால், 1.6 ராக்கரில் 3.2 மி.மீ. ஆகும். உச்ச லிஃப்ட்டில் 0.75 மி.மீ. கூடினாலும் இங்கே பறிபோவது 0.2 மி.மீ.தான்.

கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்வது இன்டேக் பக்கம் இதைவிட அதிகமாகத் தின்றுவிடும், ஏனென்றால் அந்த நேரத்தில் வால்வு வேகமாகத் திறந்துகொண்டிருக்கிறது. டியூரேஷன் கூடிய கேமும் அப்படித்தான். ஹெட்டை மில்லிங் செய்து இறக்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, கையால் கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றிப் பிரித்து, களிமண் எங்கே மெலிதாக இருக்கிறதோ அங்கே வெட்டி அளப்பது பழைய வழி, இன்றும் நம்பலாம்.

பெட்டியில் 1.6 என்று எழுதியிருக்கிறது. அதை அளந்து பார்க்க வேண்டுமா?

அளந்தே ஆக வேண்டும். தகட்டில் அழுத்திச் செய்த கம்பெனி ராக்கர்கள் சொன்ன ரேஷியோவுக்குக் கொஞ்சம் குறைவாக வருவது வழக்கம், ஒரே செட்டில் ஒன்றுக்கொன்று வித்தியாசமும் இருக்கும். தவிர, ராக்கர் சுற்றும்போது கோணம் மாறுவதால் ரேஷியோவும் பயணம் முழுக்க ஒரே எண்ணாக நிற்பதில்லை.

டயல் கேஜ் ஒன்றைப் புஷ்ராடு பக்கமும் ஒன்றை வால்வு ரிடெய்னர் மேலும் வைத்து, கிராங்க்கைச் சுற்றி, இரண்டு உச்சங்களையும் வகுத்துப் பாருங்கள். ஹைட்ராலிக் டேப்பெட் (உள்ளே ஆயில் நிரம்பி இடைவெளியைத் தானே சரிசெய்யும் வகை) இருந்தால் ஸ்பிரிங் அழுத்தத்தில் அது உள்ளே இறங்கி அளவைக் கெடுக்கும். அந்த வேலைக்கு மட்டும் மெல்லிய ஸ்பிரிங்கையோ சாலிட் டேப்பெட்டையோ போட்டுக்கொள்ள வேண்டும்.

புஷ்ராடு நீளமும் மாற வேண்டுமா?

மாறலாம். வால்வு முனையில் மார்க்கர் மையைப் பூசி, ராக்கரை மாட்டி, இன்ஜினைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். மை தேய்ந்த இடம் ஒரு கோடாகத் தெரியும். அது முனையின் நடுவில், முடிந்தவரை ஒல்லியாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் ராக்கர் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பொருள், கைடு சீக்கிரம் தேயும். ஸ்டட் வகை ராக்கரில் கோடு வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தால் புஷ்ராடு பெரும்பாலும் நீளம், ஸ்டட் பக்கம் ஒதுங்கியிருந்தால் குட்டை.

இன்னொன்று. ஸ்டட் வகையில் ரேஷியோவைக் கூட்டுவதற்குப் புஷ்ராடு குழியை ஸ்டட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவார்கள். புஷ்ராடும் சாய்ந்து, ஹெட்டில் அது நுழையும் துளையின் ஓரத்தை உரசலாம். ஷெவர்லே ஸ்மால் பிளாக்கின் பழைய ஹெட்களில் இதற்காகத் துளையை நீளவாக்கில் அறுத்துவிடுவது தெரிந்த விஷயம். முழு லிஃப்ட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்டேக்குக்கு 1.6, எக்ஸாஸ்ட்டுக்கு 1.5 என்று கலந்து போடலாமா?

போடலாம். எந்தப் பக்கம் திணறுகிறதோ அந்தப் பக்கம் கூட்டுவதுதான் கணக்கு. சோதித்துப் பார்க்க மலிவான வழியும்கூட, பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ரோலர் ராக்கர் போட்டாலே பவர் கூடும் என்கிறார்களே?

உரசும் இடத்தில் உருளை வைத்த ராக்கர் அது. உராய்வு குறைவது உண்மை, முக்கியமாகச் சுழலும் இடத்தில் ஊசி பேரிங் இருந்தால். ஆனால் ரோலர் போட்டதும் கிடைத்ததாகச் சொல்லும் லாபத்தில் ஒரு பங்கு, பழைய ராக்கர் உண்மையில் 1.5 இல்லாமல் போனதால் வந்ததாக இருக்கும்.

ஃபிளாட் டேப்பெட் கேமுக்கு உயர் ரேஷியோ ஆபத்தா?

ஃபிளாட் டேப்பெட் என்றால் உருளை இல்லாமல், அடிப்பக்கம் நேராக லோப்பின் மேல் உரசும் வகை. புதுக் கேமாக இருந்தால், பழகும் முன் ஆபத்துதான். லோப்பும் டேப்பெட்டும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும் முதல் இருபது முப்பது நிமிடம், இன்ஜினை 2,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே வைத்து ஓட்டுவார்கள். ஐடிலில் விட்டால் லோப்புக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. அந்த நேரத்தில் கனமான ஸ்பிரிங்கும் உயர் ரேஷியோவும் சேர்ந்தால் லோப் மழுங்கிவிடும். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவைத்து, அல்லது குறைந்த ரேஷியோ ராக்கரை மாட்டிப் பழக்கிவிட்டு, அப்புறம் உரியதைப் போடுவது நல்லது. துத்தநாகமும் பாஸ்பரஸும் போதுமான அளவு உள்ள ஆயில் கட்டாயம்.

கேம் மேலே இருக்கும் இன்ஜினுக்கு இதெல்லாம் பொருந்துமா?

கேம் நேரடியாக பக்கெட்டை (வால்வின் தலையில் கவிழ்த்த கிண்ணம்) அழுத்தும் இன்ஜினில் ராக்கரே இல்லை, லோப் எவ்வளவோ வால்வும் அவ்வளவு. அங்கே லிஃப்ட் மாற வேண்டுமானால் கேம் மாற வேண்டும். ஃபிங்கர் ஃபாலோயர் (ஒரு முனையில் ஊன்றி, லோப் அழுத்த மறுமுனையால் வால்வை அழுத்தும் நெம்புகோல்) உள்ளவற்றில் ரேஷியோ உண்டு, ஆனால் லோப் உரசும் இடம் நகர்ந்துகொண்டே இருப்பதால் எண் நிலையாக இருக்காது, கேமும் ஃபாலோயரும் ஜோடியாகவே வடிவமைக்கப்படுகின்றன. ஹோண்டா 1989இல் இன்டெக்ராவில் கொண்டுவந்த விடெக் ராக்கர்களை வைத்துச் செய்தது வேறு வேலை. ஒரே ஷாஃப்ட்டில் அடக்கமான லோப், பெரிய லோப் இரண்டையும் வைத்து, ஆயில் அழுத்தத்தில் பின்னைத் தள்ளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது. கேம் தேர்வில் இருக்கும் தலைவலிக்கே அது ஒரு பதில்.

ராக்கர் மாற்றிய பிறகு ட்யூனிங்கில் கை வைக்க வேண்டுமா?

முதலில் டேப்பெட் கேப்பை, அல்லது ஹைட்ராலிக் டேப்பெட்டின் முன்னழுத்தத்தை, புதிதாக அமைக்க வேண்டும். காற்று கூடுதலாக உள்ளே போனால் எரிபொருளும் கூட வேண்டும், இல்லாவிட்டால் முழு ஆக்சிலரேட்டரில் கலவை மெலியும். கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிப் பார்த்து ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் காற்று அளவி சென்சார் இருந்தால் சிறிய மாற்றத்தை இன்ஜினின் கணினியான ஈசியூவே பெரும்பாலும் சமாளித்துவிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் ஈசியூவுக்கு அந்த வசதி இல்லை, ஃபியூயல் டேபிளைத் திருத்தித்தான் ஆக வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு ராக்கர் லாக் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.